கால் லிட்டர் வீட்டுப் பம்ப்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? பெயிண்ட் அடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லையா?

சாலையை அகலப்படுத்துகிறார்கள். நம் பெட்ரோல் பங்க் இருந்த இடம் முழுவதும் போகிறது. முப்பத்தைந்து வருடமாகப் பம்பைச் சுற்றிக் கிடந்த சங்கிலியை எடை அளவை அலுவலக ஆட்கள் வந்து வெட்டினார்கள். "இனிமே இது உங்க சொத்தும்மா, எடுத்துக்குங்க" என்றார்கள். நேற்றே லாரியில் ஏற்றி உனக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து சேரும்.

பழைய பம்பைப் புதிதாக்குவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று உன் மனைவி பெருமைப்படுகிறாள். அப்படியானால் இதையும் செய். ஓட வை. வெளியே எந்த நிறம் வேண்டுமானாலும் அடி. உள்ளே இருக்கிற ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது.

லாரி கிளம்பும்போது சலூன்காரர் வாசலில் நின்று, "கால் லிட்டர் கிளம்பிருச்சுடோய்!" என்று கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தெருவில் நாம் கால் லிட்டர் வீடுதான். மருந்துக்கடையில் நான் சொட்டுச் சொட்டாக அளந்து தருகிற மருந்தைக்கூட, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிப்போகிறார்கள்.

போனில் கேட்டால் "ம்… ம்…" என்று சமாளித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பதில் போடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை செய்கிறேன். நீ படி ஏறாதே. மாமாவிடம் சொல்லி மருந்துக்கடைப் பரணில் இருக்கிறவற்றைக் கீழே இறக்கி வை.

பம்ப் பத்திரமாக வந்தது. தகரம் நன்றாகவே இருக்கிறது, கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் நீ கேட்பது நடக்கிற காரியமில்லை. பழைய பம்பை வாங்குகிற யாரும் அதில் பெட்ரோல் போடப் போவதில்லை. வரவேற்பறையில் நிறுத்தி, உள்ளே விளக்குப் போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மோட்டார், மீட்டர், குழாய் எல்லாம் வெறும் பாரம். நான்கு போல்ட்டைக் கழற்றினால் மொத்த வயிறும் ஒரே கட்டியாக வெளியே வந்துவிடும். இதுவரை நாற்பது பம்ப் செய்திருக்கிறேன். ஒன்றுக்கும் வயிறு கிடையாது.

இதற்கு ஆள்கூட வந்துவிட்டார். ஒரு ஓட்டல் முதலாளி. உள்ளே மீன்தொட்டி வைக்கப் போகிறாராம். எண்கள் உருளுகிற இடத்தில் தங்க மீன் வந்து எட்டிப் பார்க்குமாம். சிரிக்காதே, ரொம்ப ஆசையாகக் கேட்கிறார்.

பங்க் விஷயத்தில் அவர் அன்றைக்குச் செய்தாரோ செய்யவில்லையோ, அது முடிந்துபோன கதை. ஆளும் போய்ப் பதினோரு வருடமாகிறது. விட்டுவிடு அக்கா.

தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். பரணை மாமா ஒழித்துவிட்டார். இப்போது எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

மீன் என்ன பாவம் செய்தது? நம் பம்புக்குள் கொண்டுபோய் அடைக்க வேண்டுமா?

நீ "அவர்" என்று எழுதியிருக்கிறாய். முன்பெல்லாம் "அப்பா" என்றுதான் எழுதுவாய். சரி, அதை விடு.

நான் கேட்பதைக் கவனமாகப் படி. மீட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ அதைத்தான் திருப்ப வேண்டும். யாரும் திருப்பாமலிருக்க, வருடா வருடம் சோதனை முடிந்ததும் அதில் கம்பி கோத்து ஈயத்தில் முத்திரை அடித்துவிட்டுப் போவார்கள். அதைத் திருப்பித்தான் அப்பா ஐந்து லிட்டருக்குக் கால் லிட்டர் குறைத்தார் என்று பங்க்கை மூடினார்கள். "நான் முத்திரையைத் தொடலம்மா" என்று அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு சாகும்வரை முத்திரைப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று சோதனைக்கு வந்த அதிகாரி முத்திரையைப் பார்க்கவே இல்லை. சங்கிலி போட்டு மூடிவிட்டார். யாரும் திறக்கவும் விடவில்லை. அந்த ஈயம் இன்னும் முழுசாக உள்ளே இருக்கிறதா, அறுந்து கிடக்கிறதா? அதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அறுந்திருந்தால் உன் ஓட்டல்காரருக்குக் கொடுத்துவிடு, நானே மீன் வாங்கித் தருகிறேன். அறுந்திருக்கவில்லை என்றால் இந்தத் தெருவுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பார்த்து எழுது. உடனே எழுது.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் நலமா? மாமாவின் ரத்தக் கொதிப்பு எப்படி?

பம்பின் வெளித்தகரத்தைச் சுரண்டிவிட்டேன். மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் நல்ல சிவப்பு. முதலில் சிவப்பாகத்தான் இருந்திருக்கிறது. இந்தச் சிவப்பு இப்போது கிடைப்பதில்லை. மூன்று டப்பாவைக் கலந்து பார்த்தேன், செங்கல் நிறம் வந்தது. கொஞ்சம் கறுப்பு சேர்த்தேன், ஈரல் நிறம் வந்தது. நேற்றுத்தான் சரியான சிவப்பு பிடிபட்டது. கதவின் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அதைக் கையாலேயே இழுக்கப் போகிறேன். பூட்டு வேலை செய்கிறது. தலையில் இருக்கிற உருண்டைக் கண்ணாடிக்கு வேறு ரப்பர் போட வேண்டும்.

மற்றபடி வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

சுகம். மாமாவுக்கும் சுகம்.

சிவப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்குக் காது குத்தாதே. வயிறு எங்கே?

அக்கா


மே 11

அன்புள்ள அக்கா,

ஆறு வாரமாக உனக்கு எழுதாமல் கம்பி நீட்டிக்கொண்டிருந்தேன். திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

உன் மார்ச் முதல் தேதிக் கடிதம் வந்தபோது வயிறு என்னிடம் இல்லை. பம்ப் வந்த அடுத்த வாரமே கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன். பார்க்காமலே கழற்றினேன் என்று சொன்னால் நம்புவாயா? மீட்டர்மேல் ஒரு பக்கம் முழுவதும் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் ஓடினேன். "அத நகரத்துக் கெடங்குக்கு அனுப்பியாச்சே" என்றார். கிடங்குக்குப் போனால் வீட்டு உயரத்துக்கு இரும்பு மலை. அங்கே இருந்த காவலாளி, "எத தேடுறீங்க?" என்றார். "எங்க வீட்டு பம்போட வயித்த" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஞாயிறு தோறும் போனேன். நான்காவது ஞாயிறு, ஒரு உடைந்த குளிர்பெட்டிக்கு அடியில் அந்தக் குளவிக்கூடு தெரிந்தது. கூட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

அங்கேயே உட்கார்ந்து கட்டைவிரலால் மண்ணை உடைத்தேன். உள்ளே ஈயம் இருந்தது அக்கா. கம்பி அறுபடவில்லை. முத்திரை எழுத்து நேற்று அடித்ததுபோல் இருக்கிறது, வருடம்கூடத் தெரிகிறது. பங்க்கை மூடியதற்கு முந்தைய வருடச் சோதனையில் அடித்தது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

அந்த இரும்புக் குவியலில் உட்கார்ந்து அழுதேன். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னும் ஒன்று. இதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை அதிகாரி என்னிடம், "உங்கப்பா இந்த பம்ப தொறந்தாரா?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. "ஆமா சார், இப்பத்தான் தொறந்தாரு" என்றேன். பார்த்தேன், சொன்னேன். அதை வைத்துத்தான் மூடினார்கள். பிறகு அப்பா செய்திருப்பார் என்று நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. இல்லையென்றால் நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்குமே.

தம்பி


மே 19

என் அன்புத் தம்பிக்கு,

நீ முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதைச் சொல். முதுகை வைத்துக்கொண்டு இரும்பு மலை ஏறியிருக்கிறாய்.

நீ சொன்னது எனக்கு அன்றே தெரியும். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அப்பாவுக்கும் தெரியும். நீ வேலை தேடி ஊரை விட்டுப் போனபோது, "அவன் பாத்தத சொன்னான். பொய் சொல்லியிருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும்" என்றார். இதை உனக்கு அப்போதே எழுதாதது என் தப்பு. நீயே கேட்பாய் என்று இருந்துவிட்டேன். நீ கேட்கவே இல்லை.

முந்தின நாள் பெல்ட் கிறீச்சிட்டது என்று அன்று காலை ஐந்தரை மணிக்குத் திறந்து பெல்ட்டை மாற்றினார். அவ்வளவுதான் நடந்தது. ஆறு மணிக்கு அதிகாரி வந்து நின்றார்.

இங்கே மெக்கானிக்குக்குப் பஞ்சமா? தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தப் பம்பை உன் கைதான் திறக்க வேண்டும், ஈயத்தை உன் கண்தான் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் அனுப்பினேன். நீ திறந்தபிறகு பார்ப்பதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டாய். போகட்டும்.

முத்திரை சரி. ஆனால் கால் லிட்டர் குறைந்தது நிஜம். அவர்கள் பிடித்த அளவுக் கேனில் நானே பார்த்தேன். அது ஏன்? அதற்குப் பதில் இல்லாமல் நான் தெருவில் வாயைத் திறக்க முடியாது. சோதனை அறிக்கையின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது: "காலை ஆறு மணி. அன்றைய விற்பனை தொடங்குமுன் ஒருமுறை அளக்கப்பட்டது." உனக்கு ஏதாவது புரிகிறதா?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

நலம், நலம், எல்லோரும் நலம்! முதுகு வலிக்கிறதா என்று யோசிக்கவே நேரமில்லை.

மீட்டரை முத்திரையோடு அப்படியே எண்ணெயில் மூன்று வாரம் ஊறவைத்தேன். அதற்கு வீட்டில் இருந்த பெரிய அண்டாவைத்தான் எடுத்தேன். என் மனைவி என்னோடு நான்கு நாள் பேசவில்லை. உள்ளே இருக்கும் தோல் வளையங்கள் எல்லாம் இளகி, இப்போது விரலால் தள்ளினால் சுற்றுகிறது.

கால் லிட்டர் எங்கே போனது என்றும் தெரிந்துவிட்டது. ஹோஸுக்கு முன்னால் ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. பம்ப் நின்றபிறகு ஹோஸில் இருக்கும் பெட்ரோல் திரும்ப உள்ளே இறங்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது உட்காருகிற விளிம்பில் துரு ஏதோ மாட்டி, நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. இரவு முழுவதும் அந்தப் பள்ளம் வழியாகக் கசியும். ஹோஸில் கொஞ்சம் காலியாகிவிடும். காலையில் முதலில் பிடிக்கும்போது மீட்டர் ஐந்து லிட்டர் என்று சரியாகத்தான் எண்ணும். ஆனால் அதில் கால் லிட்டர் காலி ஹோஸை நிரப்பவே போய்விடும். இரண்டாவது தடவையிலிருந்து சொட்டுக் குறையாது. முதலில் ஹோஸை நிரப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த மனிதர் வந்தார், ஒருமுறை அளந்தார், மூடினார்!

புது வால்வு ஒன்றைக் கடைந்து வைத்துவிட்டேன். பளபளவென்று இருக்கிறது. அடுத்த வாரம் மாட்டிவிடுவேன். இனி முதல் தடவையே ஐந்து லிட்டர் கச்சிதமாக வரும். ஓட்டல்காரருக்கு நாசூக்காகச் சொல்லிவிட்டேன், இது விற்பனைக்கு இல்லை என்று.

தம்பி


ஜூன் 23

தம்பி,

மாட்டாதே!

இன்று மதியம்தான் உன் கடிதம் வந்தது. இதைத் தந்தி வேகத்தில் அனுப்புகிறேன், போனிலும் சொல்லிவிட்டேன், ஆனாலும் உன்னை நம்ப முடியாது.

அந்த ஓட்டை வால்வுதான் அப்பாவின் சாட்சி. அதை எடுத்துவிட்டால், "தம்பிக்காரன் புதுசா செஞ்சு கொண்டாந்துட்டான், அதான் சரியா அளக்குது" என்பார்கள். முதல் கேன் குறைய வேண்டும். ஊர் முன்னால் குறைய வேண்டும். அதே வால்வு, அதே நீளத்தில் ஹோஸ், அதே காலை ஆறு மணி.

இன்னொன்று கேள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கடையில் தனியாகச் சிரித்தேன், வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோனார். தினமும் காலையில் பங்க்கைத் திறந்ததும் அப்பா முதலில் யாருக்குப் பெட்ரோல் போடுவார்? தன் ஸ்கூட்டருக்கு! பிறகுதான் மற்றவர்களுக்கு. "இந்த வண்டி என்னமா குடிக்குது, மைலேஜே தரமாட்டேங்குது" என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்? அப்பா ஏமாற்றியது ஒரே ஒரு ஆளைத்தான். அதுவும் தெரியாமல். அன்று பெல்ட் வேலையில் ஸ்கூட்டருக்குப் போட மறந்துவிட்டார்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலம்தானே? நான் நலமில்லை. பம்பை லாரியில் ஏற்றும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

பம்ப் வருகிறது. பழைய வால்வு மாட்டியிருக்கிறேன். ஓட்டை என்று தெரிந்தே ஒரு சாமானை மாட்டுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. மோட்டாருக்கு வயர் இழுத்திருக்கிறேன். பெட்ரோல் வேண்டாம், மண்ணெண்ணெயில் செய். முந்தின நாள் மாலை ஒருமுறை ஓட்டி ஹோஸை நிரப்பிவிட்டு, காலைவரை யாரையும் தொட விடாதே.

நான் வர முடியவில்லையே என்றுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒன்று விடாமல் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 21

என் அன்புத் தம்பிக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு இதைப் படி. எழுந்து குதிக்காதே.

நேற்றுக் காலை ஆறு மணி. புதுச் சாலையின் ஓரத்தில், பங்க் இருந்த அதே இடத்துக்குப் பக்கத்தில் பம்பை நிறுத்தியிருந்தோம். அந்தச் சிவப்பு! நீ ஒரு பக்கம் எழுதியது வீண்போகவில்லை. பால் வாங்க வந்தவர்கள், நடக்கப் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஒரு அறுபது பேர் கூடிவிட்டார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் வந்து முன்னால் நின்றார்.

அளவை அலுவலகத்திலிருந்து இப்போதைய அதிகாரி வந்தார். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் கறார். முதலில் கதவைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து ஈயத்தைப் பார்த்தார். தன் பழைய பதிவேட்டைப் புரட்டினார். "முத்திரை எங்களோடதுதான். நம்பரும் வருஷமும் ஒத்துப் போகுது. யாரும் தொடல" என்று சத்தமாகச் சொன்னார்.

பிறகு ஐந்து லிட்டர் அளவுக் கேனை வைத்துப் பிடித்தார்கள். மோட்டார் ஓடுகிறது, எண்கள் உருளுகின்றன, ஐந்தில் நிறுத்தினார்கள். கேனின் கழுத்தில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே. கால் லிட்டர் குறைவு. சொல்லிவைத்தாற்போல் கால் லிட்டர்!

சலூன்காரர் துள்ளிவிட்டார். "பாத்தீங்களா! அன்னிக்கே சொன்னேன்ல!"

அதிகாரி அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "முதல் அளவு கணக்குல வராது. ஹோஸ் நெறையணும். அப்பவும் இதே விதிதான். கேன காலி பண்ணுங்க, மறுபடி பிடிங்க" என்றார்.

இரண்டாவது கேன். கோட்டில் வந்து நின்றது. மூன்றாவது கேன். கோட்டில். கூட்டத்தில் யாரோ, "இன்னொண்ணு பிடிங்க!" என்றார்கள். நான்காவதும் கோட்டில். தம்பி, முப்பத்தைந்து வருடம் சங்கிலியில் கிடந்து, குளவி குடியிருந்து, இரும்புக் கடைக்குப் போய்த் திரும்பிய மீட்டர் ஒரு சொட்டு ஏறவில்லை, ஒரு சொட்டு இறங்கவில்லை. கை தட்டினார்கள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் அந்த வால்வைக் கழற்றச் சொல்லி, பள்ளத்தை எல்லோருக்கும் காட்டினேன். ஸ்கூட்டர் கதையையும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் வால்வை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அதிகாரி பழைய அறிக்கையின் நகலை வாங்கி, அதற்கடியிலேயே எழுதினார்: "சோதனை விதிப்படி நடத்தப்படவில்லை. பம்பின் அளவு சரி. உரிமையாளர்மீது குற்றமில்லை." முத்திரை வைத்துக் கையில் கொடுத்தார். அலுவலகத்திலிருந்து முறையான கடிதமும் வருமாம். நகராட்சி அந்தப் பம்பைப் பஸ் நிறுத்தத்திலேயே வைத்துக்கொள்ளக் கேட்கிறது. வயிற்றோடு வைப்பதானால் சரி என்றேன்.

எல்லோரும் போனபிறகு சலூன்காரர் மட்டும் நின்றார். கத்தரிக்கோலைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "அந்தப் பேர நான்தாம்மா வெச்சேன்" என்றார். "தெரியும்" என்றேன். "அதுக்கப்புறமும் நெறைய நாள் உங்கப்பா எங்கிட்டதான் முடி வெட்டிக்கிட்டாரு. ஒரு வார்த்த கேக்கல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரைத் திட்ட முப்பத்தைந்து வருடமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கடைசியில் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலை கடையில் ஒரு அம்மா இருமல் மருந்து வாங்கினார். புட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனார்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

முதுகு தேவலை. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், அதுவும் மூன்று முறை. அவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான்காவது கேன் வந்ததும் அவள் அண்டாவை மன்னித்துவிட்டாள்.

ஓட்டல்காரருக்கு வேறு பம்ப் கொடுத்தேன். கொடுக்குமுன் அதன் வயிற்றைக் கழற்றித் துடைத்து, எந்த ஊர், எந்தப் பங்க் என்று சீட்டு எழுதிக் கட்டிப் பட்டறையில் ஒரு தட்டில் வைத்திருக்கிறேன். இனி வருகிற எல்லாவற்றுக்கும் அப்படித்தான். யாருடைய அக்காவாவது ஒருநாள் கடிதம் போடுவாள். மீன்கள் சௌக்கியமாம்.

அப்பாவிடம் நான் கேட்க வேண்டியதை எல்லாம் இப்போது உன்னிடம் கேட்கிறேன். அவர் அந்த ஸ்கூட்டரை எப்போது விற்றார்? கடைசிவரை மைலேஜ் வரவில்லை என்றுதான் நினைத்தாரா? அந்தப் பேச்சு ஞாபகம் வரும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அப்பா, அப்பா என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அந்தத் தெருவுக்கு நான் வந்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ணாதே. புது வால்வைக் கையோடு கொண்டுவருகிறேன். இனி அதை மாட்டலாம். பழையதை எனக்குக் கொடுத்துவிடு.

வண்டியை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வரமாட்டேன், தேடாதே. முதலில் சலூனுக்குப் போகிறேன். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, உனக்கே தெரியும். ஆனாலும் நாற்காலியில் போய் உட்காரப் போகிறேன். "யாரு நீங்க?" என்று அவர் கேட்பார். பங்க்காரர் மகன் என்று சொல்ல வேண்டும்.

தம்பி